நாவும் அருஞ்சொல்லும்

நாவின் தசைகளை இயக்கும் நரம்பை மருத்துவ நூலார் 'ஹைப்போகுளோசல்' என்பர். மூளையினின்று புறப்படும் 12 இணை நரம்புகளுள் இஃது இறுதியானது. கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழ். 'குளோஸ்ஸா' என்றால் நா. ஆகவே, நாவின் கீழ்ச் செல்வது என்பது பொருள். ஏதென்சு வழக்கில் அச்சொல் 'குளோட்டா' என ஒலித்தது. குரல்வளை மூடிக்குரிய 'எபிகுளோட்டிஸ்' என்னும் பெயர் அதன் வழிவந்ததே.

கிரேக்கர் மொழியையும் அச்சொல்லாலேயே சுட்டினர். அயல் வழக்காகிய அருஞ்சொல்லுக்கும் அதுவே பெயராயிற்று. ஈட்டியைக் குறிக்கும் 'சிகூனோன்' சைப்ரசு மக்களுக்கு இயல்பான சொல், தம்மவர்க்கோ 'குளோட்டா' என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் விளக்குகிறார். அருஞ்சொற்பொருள் தொகுப்பைக் குறிக்கும் 'குளோசரி' இவ்வழிப் பிறந்தது. சிலப்பதிகாரத்திற்கு நம் முன்னோர் கண்ட அரும்பதவுரையும் இவ்வகைப் பணியே.

ஒருவர் நாவில் வாழும் சொல் மற்றொருவர்க்கு அரும்பதமாகிறது. பிறமாநிலத்தில் வளரும் நம் மக்களுக்குத் திண்ணையும் முற்றமும் உறியும் இன்று உரை வேண்டும் சொற்களாகி வருகின்றன. அகராதி அவற்றைக் காக்கலாம். வாழ்விக்க வல்லது இல்லத்தில் வழங்கும் நாவே.