துப்பாக்கியை இறக்கி வைத்த பிறகு

போர்க்களத்தில் வீரர்கள் எப்படிப் போரிட்டார்கள் என்பதை வரலாறு விரிவாகப் பேசும். போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் வரும். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழர்களின் கதையும் அதுதான். நேதாஜியின் அறைகூவலைக் கேட்டு அவர்கள் திரண்டதை அறிவோம். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்கள் எதிர்த்துப் போரிட்டது பிரிட்டிஷாரை. போருக்குப் பின் மலாயாவை மறுபடியும் ஆள வந்தவர்களும் அதே பிரிட்டிஷார்தான். பதக்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 1947-ல் விடுதலை பெற்ற இந்தியாகூட அந்தப் படையினரைத் தன் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் இந்தியாவில் வந்தது 1972-ல்தான். அதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆகவே, அவரவர் வாழ்க்கையை அவரவரே கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மருத்துவத்திற்குத் திரும்பிய கேப்டன்

சென்னையில் 1938-ல் மருத்துவப் பட்டம் பெற்ற லட்சுமி, 1940-ல் சிங்கப்பூர் வந்து மருத்துவத் தொழில் செய்தவர். 1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியபோது அதன் தலைவியானார். 1945-ல் பர்மாவில் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

மறு ஆண்டு பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே மீண்டும் மருத்துவரானார். 1971-ல் வங்காள தேசப் போரின் அகதிகளுக்கும், 1984-ல் போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சிகிச்சையளிக்கப் போனார். 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2012-ல் மறைந்தபோது அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குத் தானமாகப் போனது.

வகுப்பறைக்குத் திரும்பிய ராணி

ஈப்போவில் பிறந்த ராசம்மா 16 வயதில் தன் அக்காவுடன் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். திரும்பி வந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1955-ல் மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரி ஆனார். ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

அங்கே இன்னொரு போர் காத்திருந்தது. ஒரே தகுதி, ஒரே வேலை. ஆனால் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம்! 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து அதன் தலைவியாகச் சமச் சம்பளத்திற்குப் போராடினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோரிக்கை வென்றது. 1969 முதல் 1982 வரை கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவரும் இதே ராசம்மா பூபாலன்தான்.

அவருடைய படைத் தோழி ஜானகி, பர்மாவிலிருந்து பின்வாங்கிய நாட்களில் ராணிகளை வழிநடத்தியவர். 1946-ல் மஇகா உருவானபோது அதன் தொடக்கப் பணிகளில் பங்கெடுத்தார். பின்னர் மேலவை உறுப்பினரானார். 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது.

பால்மரத்திற்குத் திரும்பியவர்கள்

இந்த மூவருக்கும் கைகொடுக்கப் படிப்பும் குடும்பமும் இருந்தன. தோட்டத்திலிருந்து போனவனுக்கு என்ன இருந்தது? அதே லயம், அதே பால்வாளி, அதே கிராணி. ஆனால் திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை. சீருடை போட்டு, நெஞ்சு நிமிர்த்தி நடந்தவன், துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பானா?

1946-ல் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக அணிவகுத்தது. அந்த அணிவகுப்பில் ராணுவப் பயிற்சியின் சாயல் இருந்தது. 1947-ல் காவல்துறையுடன் மோதல் வரை போனது.

எல்லோருக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்த எஸ். ஏ. கணபதி, தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். அவசரகாலத்தில் துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பிந்தைய வாழ்க்கையைத் தீர்மானித்தது வீரம் மட்டுமல்ல. திரும்பி வந்த இடத்தில் ஒரு கதவாவது திறந்திருந்ததா என்பதும்தான். படித்தவர்களின் பெயர் ஏட்டில் நின்றது. மரம் வெட்டியவர்களின் பெயர் குடும்பத்தின் நினைவில் மட்டுமே நிற்கிறது.

வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய சீருடைப் படம் இருக்கிறதா? அதன் பின்புறம் பெயர், ஆண்டு, தோட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். கூடவே, போருக்குப் பிறகு அவர் எப்படிப் பிழைத்தார் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அதுவும் வரலாறுதான்.