அலைச்சறுக்குப் பலகைத் துடுப்பு

அலைச்சறுக்குப் பலகைத் துடுப்பு என்பது அலைச்சறுக்கு விளையாட்டில் பயன்படும் பலகையின் அடிப்புறத்தில், வால் பகுதியை ஒட்டிப் பொருத்தப்படும் தகடு ஆகும். படகு வலிக்கும் துடுப்பிலிருந்து இது வேறானது. மீனின் துடுப்பை வடிவிலும் பணியிலும் ஒத்திருப்பதால் இப்பெயரால் குறிக்கப்படுகிறது. பலகை பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுப்பதும், திரும்பும்போது பிடிமானம் தருவதும் இதன் முதன்மைப் பணிகள். சீரான அலையில் பெரும்பாலான துடுப்புகள் நன்றாகவே இயங்குவதாகத் தோன்றும். அவற்றின் வேறுபாடு காற்றாலும் நீரோட்டத்தாலும் குலைந்த அலைகளிலேயே தெளிவாக வெளிப்படும். செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், மாமல்லபுரம் கடற்கரை இத்தகைய அலைகளுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இயங்கும் விதம்

ஓட்டுபவர் ஒரு பக்கம் சாயும்போது துடுப்பு நீரோட்டத்திற்குச் சற்றுக் கோணலாக அமைகிறது. அப்போது வானூர்தியின் இறக்கையில் தோன்றுவது போன்ற விசை பக்கவாட்டில் தோன்றிப் பலகையைத் தாங்குகிறது. கோணம் அளவு கடந்தால் நீர் துடுப்பின் பரப்பிலிருந்து பிரிந்துவிடும். பிடிமானம் திடீரென அற்றுப் பலகையின் வால் வழுக்கிச் சுழலும். சிற்றலைகள் மோதித் துடுப்பு நீருக்கு மேல் எழும்பினாலும், அதன் மீது காற்று உறிஞ்சப்பட்டாலும் இதுவே நிகழும்.

துடுப்பின் இயல்பை முடிவு செய்யும் கூறுகள்:

- ஆழம்: மிகுந்தால் பிடிமானம் கூடும், நீரின் எதிர்ப்பும் கூடும்.
- அடி நீளம்: மிகுந்தால் உந்துதலும் நேரோட்டமும் கூடும்.
- பின்சாய்வு: மிகுந்தால் நீண்ட வளைவுகள் எளிதாகும், குறைந்தால் சட்டெனத் திரும்பலாம்.
- வளையும் தன்மை: விறைப்பான துடுப்பு உடனே எதிர்வினை தரும், வளைவது மெல்லத் தரும்.

வரலாறு

தொடக்கக் கால அவாய் மரப்பலகைகளில் துடுப்பு இல்லை. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்கரான டாம் பிளேக் பலகையில் நிலையான துடுப்பைப் பொருத்தினார். 1960களில் ஜார்ஜ் கிரீனோ சூரை மீனின் துடுப்பை முன்மாதிரியாகக் கொண்டு வளையும் துடுப்புகளை உருவாக்கினார். ஆத்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1980 இல் மூன்று துடுப்பு அமைப்பை வடிவமைத்து, 1981 இல் பெல்சு கடற்கரைப் போட்டியில் அதைக் கொண்டு வென்றார். இன்று பெரிதும் வழக்கில் உள்ளது இவ்வமைப்பே. கழற்றி மாட்டும் துடுப்புகள் 1990களில் பரவிய பின், ஒரே பலகையில் பல துடுப்புகளை ஒப்பிடுவது எளிதாயிற்று.

கோரமண்டல் கடற்கரையின் கட்டுமரங்களிலும் இதே கோட்பாடு காணப்படுகிறது. பாய் விரித்துச் செல்கையில் காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்க, பலகை ஒன்று நீருக்குள் செங்குத்தாக இறக்கப்படும்.

மாமல்லபுரக் கடற்கரையின் அலைகள்

இக்கடற்கரை கிழக்கு நோக்கியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதிகாலையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அலைமுகத்தைச் சீராக்குகிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் அதே அலை சிற்றலைகளால் குலைகிறது. கரையோர நீரோட்டம் இக்காலத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்கிறது. மணல்திட்டுகளும் அதற்கேற்ப இடம் மாறுகின்றன. ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1 மீட்டரே என்றாலும், ஆழம் குறைந்த திட்டுகளில் அலை உடையும் விதத்தை அது மாற்றிவிடும்.

கோவளத்தைச் சேர்ந்த மீனவர் மூர்த்தி மேகவன் 2012 இல் அங்கு அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். மாமல்லபுரத்தில் 2023 ஆகத்தில் உலக அலைச்சறுக்குக் கூட்டமைப்பின் தகுதிச்சுற்றுப் போட்டியும், 2025 ஆகத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடைபெற்றன. பின்னதில் ரமேசு புதிகால் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்றார்.

சோதிக்கும் முறை

ஒரு துடுப்பு நன்றாக இருந்ததா, அன்றைய அலை நன்றாக இருந்ததா என்பதைப் பிரித்தறிவதே சோதனையின் சிக்கல். இதற்குப் பின்வரும் முறை உதவும்.

1. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். பலகையையும் துடுப்பையும் சேர்த்து மாற்றினால் காரணம் விளங்காது.
2. பழகிய துடுப்பில் தொடங்கி, புதியதற்கு மாறி, மீண்டும் பழையதில் முடித்தல். இடையில் காற்றோ ஓதமோ மாறியிருந்தால் இறுதிச் சுற்று அதைக் காட்டிக்கொடுக்கும்.
3. ஒவ்வொரு துடுப்பிலும் பல அலைகளில் சறுக்குதல். ஓரிரு அலைகளைக் கொண்டு முடிவு செய்தல் தவறு.
4. காலை, நண்பகல் ஆகிய இரு வேளைகளிலும் சோதித்தல்.
5. காற்று, ஓதம், அலை உயரம், ஓட்டுபவரின் எடை ஆகியவற்றைக் கரையேறியதும் குறித்தல்.

கவனிக்க வேண்டியவை: அலையின் அடியில் திரும்புகையில் வால் பிடித்து நிற்கிறதா, சிற்றலைகளைக் கடக்கையில் பலகை நடுங்குகிறதா, வலுவற்ற அலையில் வேகம் குன்றுகிறதா என்பன. வலுவற்ற, குலைந்த அலைகளுக்கு மிதப்பு மிகுந்த, வால் அகன்ற பலகை பொதுவாக ஏற்றது. வால் அகன்றால் பலகையைப் பிடித்து நிறுத்தப் பக்கத் துடுப்புகள் பெரிதாக வேண்டியிருக்கும். ஆகவே துடுப்பைப் பலகையிலிருந்து தனியே மதிப்பிட இயலாது.

பாதுகாப்பு

கண்ணாடியிழைத் துடுப்பின் விளிம்பு ஆழமான வெட்டுக்காயம் உண்டாக்கும். தொடக்கநிலையினருக்கு மென்பலகையும் வளையும் துடுப்பும் ஏற்றவை. மீன்பிடி வலைகளும் படகுகளும் உள்ள இடங்களையும், மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலை அடுத்த பாறைப் பகுதிகளையும் தவிர்க்க வேண்டும். பருவகாலப் புயல்களின்போது சோதனை மேற்கொள்ளலாகாது. 2022 திசம்பரில் மாண்டசு புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் உயர் அலை எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.