கடல் மூடிய வழியில் கண்ட பொன்

மலாய் மொழியில் 'ரவூப்' என்னும் ஊர்ப்பெயர், கையால் அள்ளுதலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது என்பர். மணலை அள்ளிய கைதோறும் பொன் இருந்தது என்று பகாங் மாநிலத்துச் செவிவழிச் செய்தி கூறும். செய்தியில் மிகை உண்டு. எனினும் அவ்வூர் மண்ணில் பொன் இருந்தது உண்மை. ஆஸ்திரேலியரான வில்லியம் பிபி 1889-ஆம் ஆண்டில் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கினார். செம்பாம் ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் பெற்று, இந்நாட்டில் நீர்மின்சாரத்துக்கு வழிகாட்டிய பெருமையும் அச்சுரங்கத்திற்கே உரியது. 1961-இல் மூடப்படும்வரை ஏறத்தாழ 10 இலட்சம் அவுன்சுப் பொன் அங்கிருந்து வெளிவந்தது.

பிபிக்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலம் பொன்னால் பெயர் பெற்றிருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் கிரேக்க நூலாசிரியர் இதனைப் 'பொன் தீபகற்பம்' என்று குறித்தார். மூவார் ஆற்றையும் பகாங் ஆற்றின் கிளையையும் இணைத்த பெனாரிக்கான் என்னும் குறுகிய தரைவழியில், வணிகர் படகுகளை இழுத்துச் சென்று உள்நாட்டுக்கும் மலாக்காவுக்கும் இடையே பண்டம் மாற்றினர். ஆனால் பொன் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டவர் எவருமிலர். இருக்கும் இடத்தை அறிந்தாலே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

தீபகற்பத்தின் நிலப்படத்தை விரித்து நோக்குவார்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. தித்திவாங்சா மலைத்தொடரின் மேற்கே, கிந்தாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஈயம் கொழித்தது. மலைத்தொடரைக் கடந்தால் கிளந்தானிலிருந்து தெற்கே நீளும் ஒரு நடுப்பட்டையில் பொன் காணப்படுகிறது. ரவூப், செலின்சிங், பெஞ்சோம் ஆகிய சுரங்கங்கள் யாவும் அப்பட்டையைச் சேர்ந்தவை. கிழக்கே சுங்கை லெம்பிங்கில் மீண்டும் ஈயம் தலைகாட்டுகிறது. ஒரே நாட்டில் கனிமங்கள் இவ்வாறு வரி வரியாய்ப் பிரிந்து கிடப்பது தற்செயலன்று.

அதற்கு விடை ஒரு கடலின் வரலாற்றில் உள்ளது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய தீபகற்பத்தின் இரு பாதிகளும் ஒன்றாயிருக்கவில்லை. மேற்குப் பாதி, தென்கோளத்தில் கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் விளிம்பில் ஒட்டியிருந்தது. பனிப்பாறைகள் உருகியபோது கடலடியில் நழுவ விட்ட கூழாங்கற்களை லங்காவித் தீவின் பாறைகளில் இன்றும் காணலாம். கிழக்குப் பாதியோ இந்தோசீன நிலத்துண்டத்தைச் சார்ந்தது. இடையே பழந்தெத்திசுக் கடல் கிடந்தது. மேற்குத் துண்டம் கோண்டுவானாவைப் பிரிந்து வடக்கே நகர, அக்கடலின் தரை கிழக்குத் துண்டத்தின் அடியில் சிறிது சிறிதாக அமிழ்ந்தது. (கோண்டுவானாவைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே பிளவுண்ட நிலத்தில் தமிழ்ச் சங்கம் தேடுதல் பொருந்தாது.) ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் முற்றும் மூடியது, இரு நிலங்களும் மோதின, மலை எழுந்தது.

அம்மோதலில்தான் பொன் திரண்டது. கடலடிச் சேறும் எரிமலைப் பாறையும் பொன்னை மிகச் சிறிதளவே கொண்டவை. ஆயிரம் டன் பாறைக்குச் சில கிராம் என்பதே பொதுவான அளவு. நிலங்கள் நெருக்க, அப்பாறைகள் ஆழத்தில் புதைந்து சூடேறின. களிமண் கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் அப்போது விடுபட்டது. அந்நீரில் கந்தகமும் கரியமில வாயுவும் கலந்திருந்தன. கந்தகம் பொன்னைக் கரைத்துத் தன்னோடு எடுத்துச் செல்லும் இயல்புடையது. கொதிநீர் மேலே போக வழி தேடிற்று. மோதலால் உண்டான பெரும் பிளவுகளே அதற்கு வழியாயின.

பிளவு எப்போதும் திறந்திருப்பதில்லை. அடைபட்ட பிளவின் அடியில் நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தாங்காத நிலையில் பாறை வெடித்து நிலம் நடுங்கும். அக்கணமே அழுத்தம் விழ, நீரில் கரைந்திருந்த மணிக்கல் வெள்ளை நரம்பாய்ப் படியும். அதனூடே பொன்னும் தங்கும். படிந்த கல்லே மீண்டும் வழியை அடைக்கும். மீண்டும் அழுத்தம், மீண்டும் நடுக்கம். இவ்வாறு எண்ணற்ற முறை நிகழ்ந்ததன் விளைவாக, டன்னுக்குச் சில கிராம் பொன் கொண்ட தாது உருவாயிற்று. பக்கத்துப் பாறையிலுள்ள இரும்பு, நீரின் கந்தகத்தைப் பறித்துக்கொள்ளும் இடங்களிலும் பொன் தனித்துப் படியும். ரவூப்பில் கரிமம் செறிந்த கரும்பாறைகளை ஒட்டியே நரம்புகள் ஓடுவதும் கருதத்தக்கது. மேற்கே, புதைந்த படிவுகளே உருகிக் கருங்கல்லாகி எழுந்தன. ஈயம் அக்கருங்கல்லின் செல்வம்.

ரவூப்பில் சுரங்கம் தோண்டியவர்கள் இவற்றுள் ஒன்றையும் அறியாமலே வெள்ளை நரம்பைப் பின்பற்றி இறங்கினர். 1903-இல் அரசாங்க நிலவியலாளராய் வந்த ஸ்கிரிவனர் உலு பகாங்கின் பாறைகளைக் கவனத்துடன் ஆராய்ந்து 1911-இல் நூலாக்கினார். அவருடைய கண்ணும் நடையும் குறைபாடற்றவை. ஆயினும் கண்டங்கள் நகரும் என்னும் கருத்தை வெகனர் உலகின்முன் வைத்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான், அதனை உலகம் ஏற்றதோ 1960-களில். ரவூப் சுரங்கம் 1961-இல் மூடிய பின்னரே அப்பொன்னின் பிறப்பு விளங்கத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹட்சிசன் 1970-களில், பெந்தோங் - ரவூப் கோட்டை மறைந்த கடலின் எச்சமாக விளக்கினார். அக்கோட்டின் தீக்கல் படிவுகளில் ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் கூடுகள் உள்ளன. கண்ணுக்குப் புலனாகாத அக்கூடுகளின் வயதைக் கணித்து மெட்காஃப் முதலியோர் கடல் இருந்த காலத்தை வரையறுத்தனர்.

ரவூப்புக்கு அருகே செரோ என்னும் சிற்றூர்ப்புறத்தில் பச்சை நிறப் பாறைத் துண்டங்கள் உள்ளன. வழிப்போக்கர்க்கு அவை வெறுங்கல்லே. நிலவியலார்க்கு மூடிய கடலின் அடித்தளம். அதே கோட்டின் பக்கத்தில், கோலலிப்பிசுக்கு அணித்தான பெஞ்சோமில் 1996-இல் புதிய சுரங்கம் தொழிற்படலாயிற்று. ரவூப்பின் புக்கிட் கோமானிலோ, பழைய சுரங்கம் கொட்டிவைத்த கழிவு மண்ணிலிருந்து சயனைடு கொண்டு எஞ்சிய பொன்னைப் பிரிக்கும் ஆலை 2009-இல் இயங்கத் தொடங்கியது. தங்கள் உடல்நலம் கெடுகிறது என்று ஊரார் பல ஆண்டுகள் போராடினர். பின்னர் ஆலை நின்றது.