ஆழம் கூடக்கூட இறுகும் வாட்ச்

1941-ன் இலையுதிர்காலத்தில் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது, அந்நகரத்துத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுக் கிழக்கே நகர்ந்தன. மாஸ்கோ இரண்டாம் கடிகாரத் தொழிற்சாலையின் ஒரு பகுதி, சரக்குப் படகுகளில் ஏறி, காமா நதியின் இடதுகரையில் உள்ள சிஸ்தோபொல் என்ற சிற்றூரில் வந்து இறங்கியது. இன்று அந்த ஊர் ருஷ்யாவின் டாடர்ஸ்தானில் இருக்கிறது. எழுத்தாளர்களையும் அரசு அதே ஊருக்குத்தான் அனுப்பியது. போரிஸ் பாஸ்டர்நாக் ‘ரோமியோ ஜூலியட்’டை ருஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தது அங்கே தங்கியிருந்த காலத்தில்தான்.

போர் முடிந்தது. இயந்திரங்கள் ஊரிலேயே தங்கிவிட்டன. ராணுவத்துக்காக உழைத்த தொழிற்சாலை, மெல்ல மெல்ல ஊரின் அடையாளமாகவே மாறியது. ககாரினைச் சுமந்து சென்ற விண்கலத்தின் பெயரான ‘வோஸ்தோக்’கைத் தன் வாட்சுகளுக்குச் சூட்டிக்கொண்டது. 1965-ல் பாதுகாப்பு அமைச்சகத்துக்காக ‘கமாந்திர்ஸ்கி’ வாட்சைச் செய்தது. அடுத்து வந்த வேலைதான் கடினமானது: தண்ணீருக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு, சாதாரணமாகவும் கையில் கட்டிக்கொள்ளக்கூடிய ஒரு வாட்ச். அதற்கு முன் சோவியத் கடற்படையின் முக்குளிப்பாளர்களுக்கு ஸ்லாடவுஸ்ட் தொழிற்சாலை செய்து தந்தது ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமுள்ள கனத்த இரும்புத்துண்டு. முக்குளிப்பு உடைக்கு மேல் கட்டலாம். சட்டைக் கைக்குள் நுழையாது.

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 200 மீட்டரில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 20 கிலோ. வாட்ச் கண்ணாடியின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சின்ன வட்டத்தின் மேல் மட்டும் 140 கிலோ வந்து உட்காருகிறது. இதைத் தடுக்க அன்று பரவலாக இருந்த வழி, பின்மூடியைத் திருகி ஒரு மெல்லிய வாஷரை நசுக்குவது. மூடி சுழலும்போது வாஷரும் முறுக்கிக்கொள்ளும். உலோகப் பரப்பு மிக நுட்பமாகக் கடையப்பட்டிருக்க வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

மிகயீல் நோவிகோவும் வேரா பெலோவாவும் வடிவமைத்து 1967-ல் வெளிவந்த ‘அம்ஃபிபியா’ வேறு வழியில் போனது. அதன் பின்மூடி திருகும் மூடி அல்ல, வெறும் தட்டு. அதன் விளிம்பிலுள்ள பற்கள் கூட்டின் பள்ளங்களில் உட்கார்ந்துகொள்வதால் தட்டு சுழலாது. அதன் அடியில் அகலமான, தடித்த ரப்பர் வாஷர். மேலே தனியாக ஒரு மரை வளையம் தட்டை அழுத்திப் பிடிக்கிறது. ஆழத்துக்குப் போனால் கடலே தட்டை உள்நோக்கித் தள்ளும், வாஷர் இன்னும் இறுகும். உள்மூடி வைத்த பிரஷர் குக்கரில் ஆவி கூடக்கூட மூடி இறுகுவதுபோல. இங்கே அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது, அவ்வளவுதான்.

கண்ணாடியும் அப்படித்தான். அது உண்மையில் கண்ணாடியே அல்ல, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக். அழுத்தம் வந்தால் சற்று வளைந்து கொடுக்கும். வளையும்போது அதன் விளிம்பு அகன்று கூட்டின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சாவி கொடுக்கிற குமிழும் இதே புத்தியில் பிறந்ததுதான். மரையைத் தளர்த்தி வெளியே எடுத்தால் அது லொடலொடவென்று ஆடும். புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று பயப்படுவார்கள். குமிழ் உள்தண்டோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை என்பதுதான் காரணம். குமிழில் விழும் அடி உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குப் போகாது. மூடும்போது குமிழ் தானாகவே வாஷரின் மேல் நேராக உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வாட்சின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொண்ட வடிவமைப்பு என்பதோடு, ஒரு நடைமுறை ஞானமும் இதில் இருக்கிறது. மிக நுட்பமான கடைசலை நம்பாததால் இதை ஏராளமாகச் செய்ய முடிந்தது, மலிவாகவும் விற்க முடிந்தது. ஆழ்கடல் வாட்ச் என்றாலே ஆடம்பரப் பொருள் என்றாகிவிட்ட உலகில், தொழிலாளி ஒருவர் யோசிக்காமல் வாங்கிக் கட்டிக்கொள்ளக்கூடிய ஒன்றாக இது நிலைத்தது.

சோவியத் யூனியன் கலைந்தது, அம்ஃபிபியா கலையவில்லை. நதிக்கரை ஊரிலிருந்து புறப்பட்டு உலகமெங்கும் மலையேறுகிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், தோட்டவேலை செய்கிறவர்கள் கைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பலர் கண்ணாடியைச் சுற்றியுள்ள மேல்வளையத்தையும் ஸ்டிராப்பையும் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். உள்ளே ஓடுவது பெரும்பாலும் ‘2416’ என்ற ஆட்டோமேட்டிக் இயந்திரம். கை அசைந்தால் போதும், பேட்டரி வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாளுக்கு 20 நொடி பின்தங்கலாம், 60 நொடி முந்தலாம் என்பது தொழிற்சாலையே தரும் கணக்கு. ரயிலைப் பிடிக்கப் போதும். நொடி சுத்தம் வேண்டுவோருக்கு இது சரிப்படாது. தேதியைச் சட்டென்று மாற்ற வழி இல்லை. நள்ளிரவைத் தாண்டியபின் முள்ளை எட்டு மணிவரை பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னால் திருப்பி, ஒவ்வொரு நாளாகத்தான் நகர்த்த வேண்டும். நீருக்கடியில் நேரத்தைக் கணக்கிட உதவும் வழக்கமான மேல்வளையம் இரு பக்கமும் வழுக்கிச் சுழலும். இன்றைய முக்குளிப்பு வாட்சுகளில் அது ஒரு பக்கம் மட்டுமே சுழலும். தெரியாமல் நகர்ந்தாலும் மிச்ச நேரம் குறைவாகக் காட்டுமே தவிர, அதிகமாகக் காட்டாது. ஆகவே உயிரைப் பணயம் வைக்கும் ஆழத்துக்கு இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

ஆனால் வெயிலிலும் சேற்றிலும் மழையிலும் கழியும் ஒரு சாதாரண நாளுக்கு இதைவிடப் பொருத்தமான வாட்சை நான் அதிகம் கண்டதில்லை. அக்ரிலிக்கில் கீறல் எளிதாக விழும். மென்துணியில் கொஞ்சம் பாலிஷ் பசை வைத்துத் தேய்த்தால் போய்விடும். பாறையில் மோதினால் தெறிக்காது. உப்புத்தண்ணீர் பட்ட நாளில் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். ரப்பர் வயதாகும் பொருள். சில வருடங்களுக்கு ஒருமுறை கடைக்காரரிடம் கொடுத்து வாஷரை மாற்றிக்கொள்ள வேண்டும். பீரோவில் துணி சுற்றி வைப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை. உழைக்கும் கையில்தான் இதற்கு மரியாதை.

தண்ணீரில் இறங்கும்முன் குமிழை முழுவதும் திருகி மூடிவிட்டோமா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அது நம் வேலை. மீதியைத் தண்ணீர் செய்துவிடும்.