மூன்று நாடுகளின் சீருடை

1994 பெப்ரவரியில் நான் பத்திரிகையொன்றின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். நோர்வேயின் லில்லஹாமர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் ஆரம்பமாகியிருந்தது. ஸ்லோவாக்கியாவின் கொடியை ஏந்திச் சென்ற ஐஸ் ஹொக்கி வீரர் பீட்டர் ஸ்டாஸ்னி முன்னர் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் கனடாவுக்கும் விளையாடியவர் என்று செய்தி நிறுவனத்தின் குறிப்பில் இருந்தது. ஒருவர் மூன்று நாடுகளுக்கு விளையாடுவதாவது என்று எண்ணிக் கனடாவின் பெயரை வெட்டிவிட்டேன். தவறு என்னுடையதே என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

1956 இல் பிராட்டிஸ்லாவாவில் பிறந்த ஸ்டாஸ்னி, 1976 இலும் 1977 இலும் உலக சம்பியனான செக்கோஸ்லோவாக்கிய அணியில் விளையாடியவர். 1980 ஓகஸ்டில் ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகருக்குக் கழக அணியுடன் வந்திருந்தபோது, கர்ப்பிணியான மனைவியுடனும் தம்பி அன்ரனுடனும் மேற்குலகுக்குத் தப்பிச் சென்று கனடாவின் கியூபெக் அணியில் சேர்ந்தார். நாட்டில் தங்கிவிட்ட மூத்த சகோதரர் மரியானுக்கு விளையாடும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவரும் குடும்பத்துடன் வெளியேறித் தம்பிமாருடன் இணைந்தார்.

கியூபெக்கில் முதற் பருவத்திலேயே 39 கோல்களை அடித்து, மேலும் 70 கோல்களுக்கு வழிவகுத்த ஸ்டாஸ்னி, 1984 இல் கனேடியப் பிரஜையானார். அவ்வாண்டே கனடா கிண்ணப் போட்டியில் கனடாவின் சீருடையை அணிந்தார். அப்போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவும் பங்குபற்றியது. கிண்ணத்தை வென்றது கனடா.

1993 ஜனவரி முதலாந் திகதி செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தது. உலக சம்பியன்ஷிப்பின் உயர் பிரிவில் இருந்த இடம் செக் குடியரசுக்குச் சென்றது. ஸ்லோவாக்கியா கீழ்மட்டமான சி பிரிவிலிருந்து ஏறவேண்டியதாயிற்று. புதிய நாட்டுக்கு உலகறிந்த ஒரு பெயர் தேவைப்பட்டது. 37 வயதில் ஸ்டாஸ்னி திரும்பி வந்தார்.

லில்லஹாமரில் விதி ஒரு விசித்திரத்தை நிகழ்த்தியது எனலாம். ஸ்டாஸ்னியின் ஸ்லோவாக்கியா, தன் பிரிவில் இருந்த கனடாவை வென்று முதலிடம் பெற்றது. அந்தக் கனேடிய அணியில் ஆடியவர்களுள் ஒருவர் பீற்றர் நெட்வெட். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, 1989 இல் இளைஞர் போட்டிக்காகக் கல்கரி சென்றபோது அங்கேயே தங்கிவிட்டவர். ஒருவர் கழற்றிய சீருடையை மற்றவர் அணிந்திருந்தார். இருபது ஆண்டுகளின் பின்னர், 2014 சொச்சி ஒலிம்பிக்கில், நெட்வெட்டும் செக் குடியரசுக்காகவே களமிறங்கினார்.

சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனத்தின் விதிகள் இன்று தெளிவானவை. வீரர் தாம் விளையாடும் நாட்டின் பிரஜையாக இருத்தல் வேண்டும். சம்மேளனப் போட்டியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு மாறுவதாயின், புதிய நாட்டின் உள்ளூர்ப் போட்டிகளில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் விளையாடியிருக்கவேண்டும். இத்தகைய மாற்றம் வாழ்நாளில் ஒரு முறையே. பிரஜாவுரிமையை அவசரமாக வழங்கி வீரர்களை விலைக்கு வாங்கும் வழக்கத்தைத் தடுக்க இவ்விதி அவசியமானது. ஆயினும் வீரர் நாட்டை விட்டு நீங்குவதும், நாடே வீரரை விட்டு மறைந்துபோவதும் ஒன்றல்ல. ஸ்டாஸ்னியின் வாழ்வில் இரண்டும் நிகழ்ந்தன.

2002 இல் ஸ்லோவாக்கியா உலக சம்பியனானபோது அவ்வணியின் பொது முகாமையாளர் அவரே. 2004 முதல் பத்தாண்டுகள் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஸ்லோவாக்கியாவின் உறுப்பினராகவும் இருந்தார். கியூபெக்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அவருடைய மகன் போல், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக விளையாடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஸ்லோவாக்கியா அப்போட்டியில் நான்காம் இடம். தந்தையும் மகனுமாக நான்கு நாடுகள்.

கடவுச்சீட்டை மாற்றிக்கொண்ட வாசகர் பலர் இதனைப் படிக்கக்கூடும். 'நீங்கள் எந்த நாட்டவர்?' என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாதவர்கள் அவர்கள். 1994 இல் அந்த விடையை ஒரு சொல்லால் நான் குறைத்தேன். இன்று அச்சொல்லை உரிய இடத்தில் மீண்டும் சேர்த்துவிட்டேன்.