கடல் கடந்தவரும் குடியமர்ந்தவரும்

பொருள் தேடிக் கடல் கடந்த நம் முன்னோரைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் நிமிர்கிறது. காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும், நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் கப்பலேறியோர் கீழைத் தேசங்களில் கடை விரித்தார்கள், பள்ளிவாசல் எழுப்பினார்கள், பேரும் புகழும் பெற்றார்கள் என்று சொல்லி மகிழ்கிறோம். இவையாவும் உண்மையே. ஆயினும் கடல் கடப்பது வேறு. கடந்து சென்ற மண்ணில் குடியமர்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால், நம் வரலாற்றின் பாதிப் பகுதி நம் கண்ணுக்குப் படாமலே போய்விடுகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களைச் சான்றாகக் கொண்டு, அங்கே வேரூன்றியவர் யார், வந்து போனவர் யார், வேரூன்றுவதற்குத் துணை நின்றது எது என்பதை இங்கே ஆராய்வோம்.

வந்து போனோரும் தங்கி நின்றோரும்

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டபோது, கரையோரம் பெரும்பாலும் காடாகவே இருந்தது. ஆண்டு முழுவதும் ஓயாத வெப்பம். எந்நேரமும் கொட்டக்கூடிய மழை. காட்டைத் திருத்தியோரைப் பற்றிய காய்ச்சல். கோடையும் பனியும் மாறி மாறி வரும் சோழமண்டலக் கரையில் பிறந்தோருக்கு அது புதிய வானம், புதிய மண்.

ஆனால் நம்மவர்க்கு அவ்வட்டாரம் முற்றிலும் புதிதன்று. அங்கே ‘சூலியர்’ எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள், அண்டையிலுள்ள கெடா நாட்டில் அதற்கு முன்பே நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவர்களுட் சிலர் அங்கேயே பிறந்தவர்கள். கும்பெனியின் கொடி பறந்ததும் அவர்களே பினாங்கிற்கு முதன்முதலில் வந்து கடை வைத்தோருள் அடங்குவர். 1790களில் லைட் எழுதிய குறிப்பொன்று இதற்குச் சான்று பகர்கிறது. சூலியருள் ஏறத்தாழ 1000 பேர் தீவில் தங்கியிருந்தனர் என்றும், அவருட் சிலரே குடும்பத்துடன் இருந்தனர் என்றும் அவர் கூறுகிறார். அதே வேளையில், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 ஆடவரைக் கொண்டு வந்து இறக்கின என்றும், அவர்கள் சிறு வணிகமும் கூலி வேலையும் செய்து சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்திற்கு வேறு ஆடவர் வந்தனர் என்றும் குறிக்கிறார்.

இக்கணக்கைச் சற்றே உற்று நோக்குவோம். தங்கியோரைக் காட்டிலும் ஓராண்டில் வந்து போனோரின் தொகையே மிகுதி. தங்கியோரிலும் குடும்பத்தோடு வாழ்ந்தோர் சிலரே. பின்வந்த நூற்றைம்பது ஆண்டுக் கதை முழுவதும் இந்த ஒரு குறிப்பிலேயே கருவாக அடங்கியிருக்கிறது எனலாம்.

மண்ணில் ஊன்றிய கால்

தங்கி நின்றோருள் தலையாயவர் காதிர் முகைதீன் மரைக்காயர். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற கப்பல் வணிகரான அவரை, 1801ஆம் ஆண்டில் பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத், தென்னிந்தியச் சமூகத்தின் ‘கப்பித்தான்’ என்ற தலைமைப் பதவியில் அமர்த்தினார். பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தையும் கும்பெனி வழங்கியது. இன்றும் ‘கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்’ என வழங்கும் இறையில்லம் அவ்வாறு எழுந்ததே. ‘கிளிங்’ என்ற சொல் கலிங்கத்தின் பெயரிலிருந்து பிறந்து, அக்காலத்தில் தென்னிந்தியர் அனைவரையும் குறித்தது. பின்னாளில் அது இழிசொல்லாகக் கருதப்படலாயிற்று. எனினும் பள்ளிவாசலின் பெயரில் மட்டும் பழம்பொருளோடு நிலைத்து நிற்கிறது. காதிர் முகைதீன் 1834இல் மறைந்தார்; பினாங்கு மண்ணிலேயே அடக்கமானார்.

ஒருவர் அயல் மண்ணில் குடியமர்ந்துவிட்டார் என்பதற்கு அடையாளம் எது? அவர் திறந்த கடையன்று. கடையை எப்போது வேண்டுமாயினும் கட்டிவிட்டுக் கப்பலேறலாம். தொழ ஓர் இடமும், அடங்க ஆறடி நிலமும், தமக்குப் பின்வருவோர்க்கென ஒரு வக்ஃபுச் சொத்தும் ஏற்படுத்தியவரே அம்மண்ணைத் தம் மண்ணாக ஏற்றவர். அதனாற்றான் நம்மவர் சென்ற ஊர்களிலெல்லாம் பள்ளிவாசலும் மையவாடியும் முதற்கண் தோன்றின.

ஏற்படுத்துவதோடு கடமை முடிவதில்லை, காப்பதும் வேண்டும். அந்தப் பள்ளிவாசல் நிலத்தில் காலப்போக்கில் குடிசைகளும் வீடுகளும் நெருங்கி நிறைந்தன, நிருவாகம் சீர்கெட்டது. இறுதியில், 1905ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி அமைந்த வாரியத்தின் பொறுப்புக்கு அது சென்றது. முன்னோர் தேடித் தந்ததைப் பின்னோர் பேணாவிடில், பிறர் வந்து பேண வேண்டிவரும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

சிங்கையின் ஒரு தெரு

1819இல் சிங்கப்பூர் துறைமுகம் தோன்றியதும், பினாங்கிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் நம்மவர் அங்கே விரைந்தனர். படகோட்டிகளாகவும், துறைமுகக் கூலிகளாகவும், பணம் மாற்றுவோராகவும், துணி வணிகராகவும் அவர்கள் தொழில் செய்தனர். ராபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டத்தில், ஆற்றின் மேற்பகுதியில் ‘சூலியர் கம்பம்’ என ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் வயிற்றுப்பாடு வரைபடத்திற்குக் கட்டுப்படுமா? கப்பல் வந்து நிற்கும் கடற்கரையோரமே அவர்கள் மிகுதியாகக் கூடினர்.

அக்கடற்கரைத் தெருவே தெலுக் ஆயர். பின்னாளில் கடல் தூர்க்கப்பட்டதால் இன்று அது நகரின் நடுவே நிற்கிறது. 1827இல் அங்கே ஓலைக் குடிசையொன்றில் நம்மவர் தொழுதனர். அதனால் ‘குச்சுப் பள்ளி’ எனப் பெயர் பெற்ற அதுவே, 1850களில் கல் கட்டடமாக உயர்ந்த அல்-அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே, நாகூர் தர்காவை நினைவூட்டும் கட்டடம் ஒன்றும் எழுந்தது. நாகூரில் அடங்கியுள்ள ஷாகுல் ஹமீது நாயகத்தை நினைத்துக் கப்பலேறியோர், கரை சேர்ந்த இடத்தில் நன்றியறிதலாக எழுப்பிய நினைவிடம் அது. பினாங்கிலும் அத்தகைய தர்கா உண்டு. இரு தர்காக்களுக்கும் அடியில் அடக்கத்தலம் ஏதும் இல்லை. இருப்பதெல்லாம் ஊர் நினைவே. தெலுக் ஆயர்த் தெருவில் சிறிது தொலைவிலேயே சீனரின் தியான் ஹொக் கெங் ஆலயமும் நிற்கிறது. ஒரே கடலைக் கடந்து வந்த இரு சமூகத்தார், ஒரே தெருவில் தத்தம் நன்றியைக் கல்லில் பொறித்தனர். 1826இல் தொடங்கப்பெற்ற ஜாமிஆ சூலியா பள்ளிவாசலோ, மாரியம்மன் கோயிலுக்கு அணித்தாக, சீனர் வட்டாரத்தின் நடுவிலே உள்ளது.

மொழி வளர்த்த உறவு

சென்ற நாட்டின் மொழியோடு கொண்ட கொடுக்கல் வாங்கலும் குடியமர்வின் மற்றோர் அடையாளமாகும். கடை, கப்பல், பெட்டி, முதல், கிடங்கு, சும்மா என்னும் நம் சொற்கள் மலாய் மொழியில் ‘கெடாய்’, ‘கப்பால்’, ‘பெத்தி’, ‘மோடால்’, ‘குடாங்’, ‘சுமா’ என உருமாறி உலவுகின்றன. இவற்றுட் பல வணிகச் சொற்களே என்பது கருதத்தக்கது. பினாங்கில் தோளில் காவடி சுமந்து சோறும் குழம்பும் விற்ற நம்மவரின் உணவு, இன்று மலேசிய நாட்டாரனைவரும் விரும்பும் ‘நாசி கந்தர்’ ஆயிற்று.

மலாய் இலக்கியத்தில் புதுமைக்கு வித்திட்டவர் எனப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லாஹ் 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவர்தம் வரலாற்றை அவரே எழுதியுள்ளார். அவருடைய பாட்டனாரின் தந்தையார் எமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து அங்கே மணம் புரிந்து வாழ்ந்தவர். அவருடைய மக்கள் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறினர். அவர்களுள் மலாக்காவை அடைந்தவர், அங்கே மீரா லெப்பை என்பாரின் மகளை மணந்தார். பேராச்சி எனப் பெயர் கொண்ட அப்பெண்மணி, மலாக்காவில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாகப் பலருக்குத் திருக்குர்ஆன் ஓதக் கற்பித்தவர். கணக்கு வழக்குகளுக்குப் பயன்படும் என்பதால், மலாக்காவின் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மரபாக இருந்தது என்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் அப்துல்லாஹ் குறிக்கிறார்.

நாம் பெரிதும் பாராட்டும் மரைக்காயர்களின் கப்பல்கள் இன்று இல்லை. பேராச்சியின் பேரன் எழுதிய நூலோ இன்றும் இருக்கிறது. ஒரு குடும்பம் வேரூன்றினால் விளைவது இது.

மலாய்ப் பெண்டிரை மணந்த நம்மவரின் வழிவந்தோர் ‘ஜாவி பெரானக்கான்’ எனப்பட்டனர். 1876இல் சிங்கையில் தோன்றிய முதல் மலாய் நாளிதழ் மரபுக்கு வழிகாட்டிய வார இதழ் அப்பெயரையே தாங்கியது. தமிழிலும் முயற்சிகள் குறைவின்றி நடந்தன. 1887 முதல் 1890 வரை மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கைநேசன்’ என்னும் வார இதழை நடத்தினார். ஊர்ச் செய்தி கேட்டு ஏங்கிய காதுகளுக்கு அவ்விதழ் ஊரையும் உலகத்தையும் ஒருங்கே கொண்டு சேர்த்தது.

கரையில் நின்றோர்

இனி, சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருவோம். வந்து போன அந்த ஆயிரக்கணக்கான ஆடவரின் மனைவியர் எங்கிருந்தனர்? கரையில் நின்றனர். சபர் சென்ற கணவரை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழித்தனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ்வதும், வீடு பெண்மக்களுக்குச் சேர்வதும் வழக்கமாயிருப்பதை நாம் அறிவோம். அவ்வழக்கத்தின் தோற்றத்திற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஆடவர் கடலிலும் அயலூரிலும் காலங்கழித்த குடும்பங்களுக்கு அது பெருந்துணையாய் அமைந்தது என்பதில் ஐயமில்லை. கணவர் அருகில் இல்லாதபோது தாயும் தமக்கையும் உடனிருந்தனர். அரபுத் தமிழில் எழுதவும் படிக்கவும் தெரிந்த பெண்கள், அவ்வெழுத்திலேயே மடல் எழுதித் தம் மனத்தைக் கடல் கடத்தினர்.

சிலர் அங்கும் ஒரு குடும்பம் கண்டனர். அங்கே பிறந்த பிள்ளை இங்குள்ள உடன்பிறப்பை அறியாது. இங்கே காத்திருந்தவள் அங்குள்ளவளை அறிந்தும் அறியாதவள்போல் இருந்தாள். இதனை விட்டுவிட்டுப் பள்ளிவாசல்களின் வரலாற்றை மட்டும் எழுதினால், அது அரை வரலாறே ஆகும். அனுப்பிய பணத்தைச் சிக்கனமாக ஆண்டு, பிள்ளைகளை ஓதவைத்து, மக்களுக்கு மணமுடித்து வைத்த அப்பெண்மணிகளின் உழைப்பின்மீதே அக்கடல் வணிகம் நின்றது.

இம்மரபுக்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து சிங்கைக்குச் சென்ற நம்மவர் பெண்களையும் பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்றனர். அப்பெண்களுள் பலர் மசாலை அரைத்து விற்றுக் குடும்பத்திற்குத் துணை நின்றனர். பெரும் வணிகர் அல்லர் அவர்கள், எளிய உழைப்பாளிகள். ஆயினும் பிள்ளைகள் உடனிருந்ததால் பள்ளிக்கூடத்தின் தேவை அவர்களுக்கு உறைத்தது. போர் முடிந்ததும், 1946இல், சிங்கைக் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982இல் பள்ளி மூடப்பட்ட பின்னரும், உமறுப் புலவரின் பெயர் தமிழ்மொழி நிலையமாக அங்கே தொடர்ந்தது. செல்வர் பலர் எண்ணாததை எளியோர் செய்தனர். காரணம், அவர்களுடைய வீடு அங்கே இருந்தது.

கதவுகள் அடைபட்டபோது

வந்து போகும் வாழ்வுக்கு முதற் பேரடி 1942இல் விழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கை ஜப்பானியர் வசமானது. கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை, பணமும் இல்லை. 1945இல் போர் ஓயும்வரை, கணவர் உயிரோடிருக்கின்றாரா என்பதும் அறியாமல் எத்தனையோ வீடுகள் இருந்தன.

அடுத்த அடி சட்டத்தால் வந்தது. 1953இல் மலாயாவில் குடிநுழைவுக் கட்டுப்பாடு இறுகியது. 1957இல் மலாயா விடுதலை பெற்றது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1969 முதல், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய மலேசியாவில் தனி அனுமதி வேண்டியதாயிற்று. அதுகாறும் இரு கரைக்கும் உரியவராய் வாழ்ந்தவர், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நேர்ந்தது. சிலர் கடையை விற்று ஊர் திரும்பினர். சிலர் ஊரை மறந்து அங்கேயே குடிமக்களாயினர். அண்ணன் ஒரு நாட்டினர், தம்பி வேறொரு நாட்டினர் என்றான குடும்பங்கள் உண்டு. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மக்களை ஏற்றிச் சென்ற ‘ரஜூலா’ 1973இல் தன் பயணத்தை முடித்தது. 1985இல் ‘சிதம்பரம்’ கப்பல் தீப்பற்றியதோடு, அக்கடல்வழிப் போக்குவரத்தும் ஓய்ந்தது.

நம் இளைஞர் இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்கே பெரும்பாலோர்க்குக் குடியமர்வு என்னும் பேச்சே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டும். 1790களில் லைட் குறித்த, சில வெள்ளிகளோடு ஊர் திரும்பிய அந்த ஆடவரின் நேர் வாரிசுகள் இவர்களே. பேராச்சியின் வாரிசுகள் அல்லர். இவர்களுக்கும் கரையில் நிற்கும் மனைவியர் உள்ளனர். தந்தையின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகள் உள்ளனர். மடலுக்கு மாறாக முகம் காட்டும் கருவி வந்திருக்கிறது, காத்திருப்பு மாறவில்லை.

கும்பெனி ஆவணங்கள் நம் வணிகரின் பெயர்களைப் பாதுகாத்துள்ளன. நம் பெண்மக்களின் பெயர்களை எந்த ஆவணமும் தாங்கவில்லை. அவை நம் வீட்டுப் பரணில், அரபுத் தமிழில் எழுதிய பழைய மடல்களிலும், பணம் வந்த நாளைக் குறித்த கணக்கேடுகளிலும் கிடக்கின்றன. கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைத் தேடியெடுத்து, எழுத்தறிந்த முதியோர் இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்வோமாக. கடல் கடந்தோரின் வரலாற்றை எழுதிவிட்டோம். கரை காத்தோரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.