தென்னிந்தியக் காசநோய்க் கிருமி வகை

மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் இனத்துள், தமிழ்நாட்டு நோயாளிகளின் சளியில் பெருமளவு காணப்படும் கிளை தென்னிந்திய வகை. இன்றைய வகைப்பாட்டில் இது முதலாம் மரபுவழியைச் சேர்ந்தது. கிழக்காப்பிரிக்க-இந்திய வகை என்றும் வழங்கும்.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் ஆய்வுகளே இதன் தனித்தன்மையை வெளிக்கொணர்ந்தன. சென்னைக் கிருமிகளையும் பிரிட்டன் கிருமிகளையும் கினிப்பன்றிகளில் செலுத்தி ஒப்பிட்ட முடிவுகளை டெனிஸ் மிச்சிசன் 1960இல் வெளியிட்டார். பிரிட்டன் கிருமிகள் ஏறக்குறைய ஒரே சீராகக் கடுமையான நோயை உண்டாக்கின. சென்னைக் கிருமிகளில் பல அவ்விலங்கை லேசாகவே தாக்கின. இதைக் கொண்டு இவ்வகையை வலுவற்றதெனக் கருதுவது தவறு. ஆய்வுக்கு எடுத்த கிருமிகள் யாவும் நோயுற்ற மனித நுரையீரலிலிருந்து வந்தவையே.

ஆய்வகத்தில் குழப்பம் தந்தது மற்றொரு பண்பு. தயோஃபீன் கார்பாக்சிலிக் அமில ஹைட்ரசைடு கலந்த ஊடகத்தில் மனிதக் காசநோய்க் கிருமி வளரும், மாட்டுக் காசநோய்க் கிருமி வளராது என்பது அன்றைய பகுப்பு விதி. தென்னிந்திய வகையோ மனிதக் கிருமியாக இருந்தும் பெரும்பாலும் அதில் வளர்வதில்லை. அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பினால் மனிதக் கிருமிக்கு மாட்டுக் கிருமி என்று பெயர் விழும். நயாசினை வெளியிடுதல், நைட்ரேட்டை ஒடுக்குதல், பைரசினமைடு மருந்துக்குப் பணிதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே இதை மாட்டுக் கிருமியிலிருந்து பிரிக்கின்றன. காலின்ஸ், யேட்ஸ், கிரேஞ்ச் ஆகியோர் 1982இல் வகுத்த ஐந்து வகைகளில் இதற்கு ஆசிய வகை என்று தனி இடம் கிடைத்தது.

டிஎன்ஏ ஆய்வு வந்தபோதும் சிக்கல் வேறு வடிவில் தொடர்ந்தது. 1993இல் தரப்படுத்தப்பட்ட கைரேகை முறை, ஐஎஸ்6110 என்னும் இடம்மாறும் துண்டின் படிகளின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் ஒப்பிடுவது. ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்குப் பயன்படும் எச்37ஆர்வி கிருமியில் 16 படிகள் உண்டு. தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் ஒன்றே உண்டு, சிலவற்றில் அதுவுமில்லை. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றியதால், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை இம்முறையால் தொடர முடியவில்லை. 1997இல் வந்த ஸ்பாலிகோடைப்பிங் அக்குறையை ஓரளவு தீர்த்தது: சோதிக்கப்படும் 43 இடைவெளித் துண்டுகளில் 29 முதல் 32 வரையும் 34ஆவதும் இல்லாமையே இக்கிளையின் அடையாளம். பிற்காலக் கிளைகள் இழந்துவிட்ட டிபிடி1 என்னும் டிஎன்ஏ பகுதி இதில் இன்றும் எஞ்சியிருப்பதால் இது தொன்மையான கிளைகளுள் வைக்கப்படுகிறது.

சென்னை மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதுவும், 1959இல் பெங்களூரில் நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிறுவனமும் தேசிய மேற்கோள் ஆய்வகங்களாகச் செயல்படுகின்றன. மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் விரைவு மூலக்கூறுச் சோதனைகள் நோயையும் மருந்து எதிர்ப்பையும் மட்டுமே காட்டும், கிளையைக் காட்டா.